ஆபத்தற்றது என்று எழுதப்பட்ட சரக்கு

கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கால் கரை அசிங்கப்படும், ஆமையின் தொண்டை அடைபடும், வலை பாழாகும். ஆனால் அதிலிருந்து நஞ்சு இறங்கி மீனுக்குள் போகிறது என்பது மிகைப்பேச்சு என்னும் கருத்து படித்தவர்களிடையே இன்று நன்றாகவே காலூன்றியிருக்கிறது. கப்பலின் சரக்குப் பட்டியலில் பிளாஸ்டிக் மூலப்பொருள் அபாயகரமானது என்று குறிக்கப்படுவதில்லை என்று சிலர் இதற்குச் சான்று காட்டுகின்றனர். பிளாஸ்டிக் எதனோடும் வினைபுரியாத மந்தப்பொருள் என்று வேறு சிலர் சொல்கின்றனர். இன்னும் நுட்பமாகப் பேசுவோர், பிளாஸ்டிக் வழியாக உயிர்களுக்குள் போகும் மாசு அவை வழக்கமாகத் தின்னும் இரை வழியாகப் போவதைவிட மிகக் குறைவு என அறிவியலாளர்களே கணக்கிட்டுள்ளனர் என்கின்றனர். முதல் இரண்டு வாதங்களும் தட்டினால் உடைபவை. மூன்றாவது அப்படிப்பட்டதன்று, அதற்கு உண்மையான ஆய்வுகளின் பின்பலம் உண்டு என்பதால் அதற்கே இங்குக் கூடுதல் இடம் தரப்படுகிறது.

இவ்வாதங்கள் மூன்றும் ஒருசேர ஒலித்தது கேரள, குமரிக் கரைகளில்தான். விழிஞ்சத்திலிருந்து கொச்சிக்குச் சென்றுகொண்டிருந்த எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் லைபீரியக் கொடிக் கப்பல் 2025 மே 24 அன்று ஒருபுறமாகச் சாய்ந்து, மறுநாள் கொச்சிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 38 கடல் மைல் தொலைவில் 640 கொள்கலன்களுடன் மூழ்கிற்று. பணியாளர் 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். அபாயகரமான சரக்கு என்று குறிக்கப்பட்டவை 13 கொள்கலன்கள். 12 கொள்கலன்களில் கால்சியம் கார்பைடும், எரிபொருள் தொட்டிகளில் 84.44 டன் டீசலும் 367.1 டன் உலை எண்ணெயும் இருந்தன. ஆகவே முதல் நாட்களின் அச்சமெல்லாம் தீயையும் எண்ணெயையும் பற்றியதாகவே இருந்தது. ஆனால் சில நாட்களுக்குள் திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரைகளில் வந்து குவிந்தது வேறொரு பொருள்: பருப்பளவில், பால்வெண்மையாய், கையில் அள்ளினால் விரலிடுக்கில் வழுக்கி ஓடும் பிளாஸ்டிக் குருணை. வாளி முதல் பால் உறை வரை எல்லாப் பிளாஸ்டிக் பண்டங்களும் உருக்கி வார்க்கப்படும் மூலப்பொருள் இதுவே; கப்பல்துறையினர் இதை நர்டில் என்பர். மே 29 அன்று கேரள அரசு இந்த விபத்தை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தியாவின் மேற்குக் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடும். அதனால் ஆலப்புழைக்கு நேரே கடலில் கொட்டியது கொல்லத்தைக் கடந்து, நெய்யாறு கடலில் கலக்கும் பூவாற்றையும் அதையடுத்த பொழியூரையும் தொட்டு, மாநில எல்லை தாண்டி நீரோடி தொடங்கிக் குமரி மாவட்டக் கரைகளிலும் ஒதுங்கியதில் வியப்பில்லை. பனச்சமூடு, வெள்ளறடை, பாறசாலை போன்ற எல்லையோர ஊர்கள் கடலைப் பாராதவை. ரப்பரும் மரச்சீனியும் விளையும் மேட்டுநிலம். ஆயினும் மரச்சீனிக் கிழங்குக்குத் துணையாக அங்குள்ள வீடுகளில் கொதிக்கும் சாளையும் நெத்தோலியும் இந்தக் கரைகளிலிருந்து சந்தைக்கு ஏறிவருபவை. குருணையைக் கண்ணால் கண்டிராத உள்நாட்டுக் குடும்பத்துக்கும் அதனுள் இருக்கும் வேதிப்பொருளுக்கும் இடையே உள்ள தொலைவு, ஒரு மீன்கூடையின் தொலைவுதான்.

சரக்குப் பட்டியல் வாதத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். கடல்வழி அபாயச் சரக்குகளுக்கான பன்னாட்டு விதித்தொகுப்பு பெரும்பாலும் கேட்கும் கேள்விகள் இவை: சரக்கு தீப்பற்றுமா, வெடிக்குமா, அரிக்குமா, நீர் பட்டால் எரிவாயு கக்குமா? கால்சியம் கார்பைடு நீரில் பட்டதும் அசெட்டிலீன் வாயுவை வெளிவிடும். அதனால் அதற்கு அபாயக் குறி. குருணை இவற்றில் எதையும் செய்யாது. அதனால் அது சாதாரணச் சரக்கு. முதன்மையாகக் கப்பலையும் கப்பலில் இருப்போரையும் காக்க வகுக்கப்பட்ட ஒரு பிரிவினையைக் கடலுக்கான நற்சான்றாக வாசிப்பது, மழைக்குடை வெயிலைத் தாங்கிற்று என்பதால் அதையே கூரையாகக் கொள்வதற்கு ஒப்பாகும். கப்பல் உலகமே இப்பிரிவினை போதாது என்று உணர்ந்துவிட்டது என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை: பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2024இல் வெளியிட்ட பரிந்துரைகளில், குருணை நல்ல உறையில் கட்டப்பட வேண்டும், சரக்கில் அது இருப்பது தெளிவாக அறிவிக்கப்பட வேண்டும், இயன்றவரை மேல்தளத்துக்குக் கீழேயோ பாதுகாப்பான இடத்திலோ அடுக்கப்பட வேண்டும் என்று கூறியுள்ளது. அவை கட்டாயமல்ல, வெறும் பரிந்துரைகளே என்பதுதான் குறை.

மந்தப்பொருள் என்னும் வாதம் பாதி உண்மை என்பதாலேயே ஏமாற்றுகிறது. பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் ஆகியவற்றின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலி உண்மையில் எளிதில் வினைபுரியாதது. உயிரணுச் சவ்வைக் கடந்துபோக முடியாத அளவு பெரியது. ஆனால் சந்தையில் விற்கும் பிளாஸ்டிக் வெறும் சங்கிலி மட்டுமன்று. வெயிலில் வெடிக்காமல் இருக்கப் புறஊதாக் கதிர் தடுப்பான், உருக்கும்போது கருகாமல் இருக்க ஆக்சிஜனேற்றத் தடுப்பான், வளைந்துகொடுக்க நெகிழ்விப்பான், தீப்பிடிக்காதிருக்கத் தீத்தடுப்பான், நிறத்துக்கு நிறமி என அதில் பல சேர்ப்பான்கள் கலக்கப்படுகின்றன. இவை பெரும்பாலும் சங்கிலியோடு வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டவை அல்ல. சங்கிலிகளின் இடுக்கில் தங்கியிருப்பவை. காலப்போக்கில் நீருக்கோ, வயிற்றிலுள்ள எண்ணெய்க்கோ, கொழுப்புக்கோ கசிந்து வெளியேறக்கூடியவை. பிளாஸ்டிக்கோடு தொடர்புடைய வேதிப்பொருள்களைத் தொகுத்து 2024இல் வெளியான பிளாஸ்ட்கெம் அறிக்கை அவற்றின் எண்ணிக்கையை 16,000க்கு மேல் என்றும், அவற்றுள் கவலைக்குரியவை 4,200க்கு மேல் என்றும் கணக்கிட்டது. உருக்கி வார்க்கப்படாத புதுக் குருணையில் சேர்ப்பான்கள் பண்டங்களில் உள்ளதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்; அதற்காக அது வெறுமையானது என்று பொருளாகாது.

யூ.வி.-328 என்னும் புறஊதாத் தடுப்பானின் கதை இங்குப் பொருத்தமானது. உடையாமல் நெடுங்காலம் நிலைத்து, உயிர்களின் கொழுப்பில் சேர்ந்து, பிறந்த இடத்திலிருந்து வெகுதொலைவு பயணம் செய்யும் நச்சுப்பொருள்களை நிலைத்த கரிம மாசுகள் என்று பெயரிட்டு உலக நாடுகள் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் வழியே தடுத்துவருகின்றன. 2023இல் அந்தப் பட்டியலில் யூ.வி.-328 சேர்க்கப்பட்டபோது, அது தொலைதூரம் செல்லும் வழிகளில் ஒன்றாக மிதக்கும் பிளாஸ்டிக் குப்பையும் மதிப்பீட்டில் கருதப்பட்டது. மந்தமானது என்று சொல்லப்படும் பொருளே நச்சைச் சுமந்து செல்லும் ஊர்தியாகப் பன்னாட்டுச் சட்டத்தின் படிகளில் இடம்பெற்றுவிட்ட பிறகும், பழைய பாடத்தையே ஒப்பிப்போர் குறையவில்லை.

தொழிற்சாலை உள்ளே வைத்தது ஒருபுறம் இருக்க, கடல் வெளியிலிருந்து ஏற்றுவது இன்னொன்று. நீரில் கரைய விரும்பாத, கொழுப்பை நாடும் மாசுகளுக்குக் கடல்நீரில் இருப்பதைவிடப் பிளாஸ்டிக்கின் பரப்பிலும் உடலிலும் ஒட்டிக்கொள்வதே இயல்பு. எட்வர்ட் கார்ப்பென்டரும் அவருடைய துணைவர்களும் 1972இலேயே அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கரையோரம் மிதந்த பாலிஸ்டைரீன் மணிகளில் பி.சி.பி. என்னும் குளோரின் கலந்த தொழிற்சாலை மாசு இருப்பதைக் கண்டறிந்து அச்சிட்டனர். ஆக இது நேற்று முளைத்த ஐயமன்று. 2001இல் டோக்கியோ ஆய்வாளர்கள், மாசற்ற பாலிபுரொப்பிலீன் குருணையை டோக்கியோ விரிகுடாவில் தொங்கவிட்டு அது நாளுக்கு நாள் பி.சி.பி.யை ஏற்றுக்கொள்வதைக் காட்டினர். குருணையில் இருந்த செறிவு சுற்றியுள்ள நீரில் இருந்ததைவிட ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் மடங்கு வரை இருந்தது. அவர்களுள் ஒருவரான ஹிதேஷிகே தகாதா, உலகெங்கும் கரையொதுங்கும் குருணையைத் திரட்டிக் கடல்மாசைக் கண்காணிக்கும் திட்டத்தை 2005இல் தொடங்கினார். அவ்வாய்வுகளிலிருந்து தெரியவந்த ஒரு சிறு செய்தி கரை துப்புரவு செய்வோருக்கு முக்கியமானது: மஞ்சளித்த குருணையில் வெள்ளைக் குருணையைவிட மாசு பொதுவாகக் கூடுதலாக இருக்கும், ஏனெனில் மஞ்சள் நிறம் அது வெயிலிலும் நீரிலும் கிடந்த காலத்தின் கணக்கு. கண்ணில் படும் வெள்ளையை அள்ளிக்கொண்டு, மணலின் நிறத்தோடு கலந்துபோன மஞ்சளை விட்டுவிடுவது இயல்பு. பொறுக்கப்படாமல் நாட்பட்டுக் கிடப்பது வெள்ளையாகவே இருந்துவிடுவதும் இல்லை.

இனி மூன்றாவது வாதம். நெதர்லாந்தின் ஆல்பர்ட் கூல்மன்ஸ் முதலானோர் 2016இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு அதன் அடித்தளம். கடலில் உள்ள நீர், மிதவை உயிர்கள், கரிமச் சேறு ஆகியவற்றின் அளவோடு ஒப்பிட்டால் பிளாஸ்டிக்கின் அளவு மிகச் சிறியது, ஆகவே பி.சி.பி. போன்ற மாசுகளின் பெரும்பங்கு அவற்றில்தான் தங்கியிருக்கிறது, பிளாஸ்டிக்கில் இருப்பது அற்பம். மீன் தின்னும் இரையில் ஏற்கெனவே அதே மாசு ஏறத்தாழச் சமநிலையில் இருப்பதால், கூடவே விழுங்கப்படும் பிளாஸ்டிக் பெரிதாக எதையும் கூட்டுவதில்லை. மீனின் உடலில் மாசு மிகுந்திருந்தால் தூய பிளாஸ்டிக் அதைத் தன்பால் இழுத்து வெளியேற்றவும் கூடும். இந்த வாதம் கடலில் எங்கும் பரவிக் கிடக்கும் பழைய மாசுகளைப் பொறுத்தவரை வலுவானது. பிளாஸ்டிக்தான் கடலுக்குப் பி.சி.பி.யைக் கொண்டுவந்தது என்பது போலப் பேசும் சூழல் ஆர்வலர்கள் இதைப் படித்துத் தங்கள் பேச்சைத் திருத்திக்கொள்வது நல்லது.

ஆனால் அந்தக் கணக்கு கடல் பிளாஸ்டிக்கில் ஏற்றியதைப் பற்றியது. தொழிற்சாலை அதில் வைத்து அனுப்பியதைப் பற்றியதன்று. சமநிலை என்னும் கருதுகோள் சேர்ப்பான்களுக்குப் பொருந்தாது. ஏனெனில் புதுப் பிளாஸ்டிக்கில் சேர்ப்பானின் செறிவு சுற்றுப்புறத்தோடு ஒப்பிடவே முடியாத உயரத்தில் தொடங்குகிறது, கசிவு ஒரே திசையில்தான் நடக்கும். அதே ஆய்வாளர்கள் 2014இல் சேர்ப்பான்களையும் கணக்கில் எடுத்தார்களே என்று கேட்கலாம். எடுத்தார்கள், நானைல்ஃபினால், பிஸ்ஃபினால் ஏ ஆகிய இரண்டுக்கு, ஒரு கடற்புழுவையும் வடகடலின் காட் மீனையும் வைத்துக் கணக்கிட்டு, பங்கு சிறிதென்று கண்டனர். ஆயிரக்கணக்கான சேர்ப்பான்களில் இரண்டைக் கொண்டு மற்றவற்றுக்கும் விடுதலை வழங்க அந்த ஆய்வாளர்களே உரிமை கோரவில்லை. அவர்களை மேற்கோள் காட்டுவோர்தான் கோருகின்றனர்.

களத்தில் கிடைத்த சான்றுகள் மறுபக்கம் நிற்கின்றன. வட பசிபிக்கில் இறந்த கடற்பறவைகளை 2013இல் ஆராய்ந்த ஜப்பானியர், சிலவற்றின் கொழுப்பில் இருந்த புரோமின் கலந்த தீத்தடுப்பான், அவற்றின் இரைமீன்களில் இல்லாமல் வயிற்றிலிருந்த பிளாஸ்டிக்கில் இருந்ததைக் கண்டனர். இது தற்செயலோ என்ற ஐயம் எழலாம் என்பதால், 2020இல் அதே குழு சேர்ப்பான்கள் கலந்த குருணையைப் பறவைக் குஞ்சுகளுக்கு ஊட்டிப் பார்த்தது. சேர்ப்பான்கள் ஈரலிலும் கொழுப்பிலும் சேர்ந்திருந்தன, ஊட்டப்படாத குஞ்சுகளைவிடப் பத்து மடங்கு முதல் ஒரு லட்சம் மடங்கு வரை. கொரிய ஆய்வாளர்கள் 2016இல் காட்டியது இன்னும் நெருக்கமானது: தெர்மாகோல் மிதவைகளில் ஒட்டி வளர்ந்த சிப்பிகளில், அதே கடலில் வேறு பரப்புகளில் வளர்ந்தவற்றைவிட எச்.பி.சி.டி. என்னும் தீத்தடுப்பான் மிகுந்திருந்தது. அதன் வகைகளின் விகிதமும் மிதவையில் இருந்ததையே ஒத்திருந்தது.

சிப்பி என்றதும் இந்தக் கரையின் வாசகருக்குப் பேச்சு சட்டென வீட்டுக்கு வந்துவிடும். விழிஞ்சத்திலிருந்து குமரி முனை வரையுள்ள பாறைகளில் முக்குளித்து எடுக்கப்படும் பழுப்புச் சிப்பி இந்தியாவில் பெரும்பாலும் தென்மேற்குக் கரையில் காணப்படும் இனம். கடல்நீரைச் செவுளில் வடிகட்டி, அதில் மிதப்பதைத் தின்று வாழ்வது. இடம்விட்டு இடம் போக இயலாதது. முழுக் குருணை அதன் வாய்க்குப் பெரிது என்பது உண்மைதான். ஆனால் பருவமழைக் கால அலையிலும் மணலிலும் மாறிமாறி அரைபட்டு உதிரும் பொடி அதன் வாய்க்குப் பெரிதன்று. நெத்தோலிக்கும் ஒரு தனிச் செய்தி உண்டு. கலிபோர்னியக் கரையின் நெத்தோலி இனத்தை வைத்து மேத்யூ சவோகா முதலானோர் 2017இல் செய்த சோதனையில், கடலில் கிடந்து பாசி படிந்த பிளாஸ்டிக்கின் மணம் கலந்த நீருக்கு மீன்கூட்டம் இரையின் மணத்துக்குப் போலவே திரண்டது. புதுப் பிளாஸ்டிக்கின் மணத்துக்கு அப்படித் திரளவில்லை. மீன் தவறுதலாக விழுங்குகிறது என்று சொல்வதைவிட, நாள்பட்ட பிளாஸ்டிக் மீனுக்கு உணவாகவே மணக்கிறது என்பது சரியாக இருக்கும். நெத்தோலியோ குடல் நீக்காமல் முழுசாகக் காய்ந்து கருவாடாகச் சந்தைக்கு வரும் மீன். சாளைக்குக் குடலைக் கிள்ளி எறிகிற கை, நெத்தோலிப் பொடியை அப்படியே சட்டியில் போடுகிறது.

விழுங்கிய மீனுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கும் விடை இல்லாமல் இல்லை. செல்சி ரோச்மன் குழு 2013இல் பாலிஎத்திலீனைச் சான் டியாகோ விரிகுடாவில் மூன்று மாதம் ஊறப்போட்டு, அதைக் கலந்த உணவை ஜப்பானிய மெடாக்கா மீன்களுக்கு இரண்டு மாதம் ஊட்டியது. ஈரலில் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரை குறைந்து, கொழுப்பு தேங்கி, உயிரணுக்கள் ஆங்காங்கே மடிந்திருந்தன. மாசேறாத பிளாஸ்டிக்கைத் தின்ற மீன்களிலும் இச்சிதைவுகள் ஓரளவு தென்பட்டன. ஆனால் மீன்கள் கொத்துக்கொத்தாகச் சாகவில்லை. கரையில் செத்த மீன் ஒதுங்கவில்லையே என்று சமாதானம் சொல்வோர் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: இவ்வகை நஞ்சு பிணம் காட்டுவதில்லை.

பிணங்களைச் சான்றாக்கும் மறுபக்கத்து அவசரமும் உதவாது. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அருகே தீப்பற்றி ஜூன் 2 அன்று மூழ்கிய எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலுக்குப் பின் 417 ஆமைகளும் 48 டால்பின்களும் 8 திமிங்கிலங்களும் கரையொதுங்கியதை இலங்கை உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் அளித்த தீர்ப்பில் குறிப்பிட்டு, 100 கோடி டாலர் இழப்பீடு செலுத்தப் பணித்தது. அந்தக் கப்பலில் தீயும் இருந்தது, 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. ஒவ்வோர் ஆமையின் சாவையும் குருணையின் கணக்கில் எழுத முடியாது, எழுத வேண்டியதும் இல்லை. அக்கப்பல் கற்றுத்தந்த பாடம் வேறு. அதிலிருந்து கொட்டிய ஏறத்தாழ 1,680 டன் குருணையில் ஒரு பகுதி எரிந்தும் உருகியும் கரை சேர்ந்தது. எரிந்ததையும் எரியாததையும் ஒப்பிட்டு 2022இல் வெளியான ஆய்வு, எரிந்த பிளாஸ்டிக்கின் வேதிக்கலவை எரியாததைப்போல் மூன்று மடங்கு சிக்கலானது என்றும், எரிதலில் உண்டாகும் பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் அதில் இருந்தன என்றும் காட்டியது. பார்ப்பதற்குக் கூழாங்கல்லைப் போல இருப்பதால் துப்புரவாளர் கண்ணிலும் அது படாது. பொறுக்கிய குப்பையைக் கடற்கரையிலோ குமரிக் கரையோரத்து ஏ.வி.எம். கால்வாய் ஓரத்திலோ தீவைத்து முடித்துவிடும் பழக்கம் இருக்கும் ஊர்களுக்கு இதைவிட நேரடியான எச்சரிக்கை வேண்டுமா?

சராசரி என்னும் சொல்லிலும் ஒரு பொறி உண்டு. 1,680 டன் குருணை ஏறத்தாழ 7,000 கோடி மணிகள் என்றால், ஒரு கிலோவில் நாற்பதாயிரத்துக்கு மேல். 25 கிலோ மூட்டை ஒன்று கிழிந்தாலே பத்து லட்சம். உலகக் கடல் முழுவதற்கும் நிரவிப் பார்த்தால் பிளாஸ்டிக்கின் பங்கு அற்பம் என்று சொல்லும் கணக்கு, மூட்டைகள் கிழிந்து குவிந்த பொழியூர்க் கரையின் ஒரு பொழிமுகத்துக்குப் பொருந்த வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கூல்மன்ஸ் முதலானோரின் முடிவும் பெரும்பாலான வாழிடங்களுக்கு என்ற வரையறையோடு சொல்லப்பட்டதே. அந்த வரையறை பேச்சுவழக்கில் உதிர்ந்துபோனது ஆய்வாளரின் பிழையன்று.

வேதி ஆபத்தைப் பேசினால் மீன் விற்காது, பாதிக்கப்படுவது மீனவர்தான் என்னும் மறுப்பு இரக்கத்திலிருந்து பிறப்பது. அதனாலேயே இதற்குப் பதில் சொல்வது அவசியம். எல்சா 3க்குப் பின் மக்கள் மீன் வாங்கத் தயங்கியதும், அரசு மீனவக் குடும்பங்களுக்கு ஆயிரம் ரூபாயும் ஆறு கிலோ அரிசியும் அறிவித்ததும் உண்மை. ஒரு நேர மீன்குழம்பால் எவருக்கும் தீங்கு நேரும் என்று இங்குக் காட்டப்பட்ட ஆய்வுகளில் எதுவும் சொல்லவில்லை. அவை பேசுவது கடலுயிர்களின் உடலில் ஆண்டுக்கணக்கில் சேரும் சுமையை. ஆனால் சந்தையை அமைதிப்படுத்த, குருணையில் ஒன்றுமில்லை என்று அறிவிப்பவர்கள் அதே மூச்சில் மீனவரின் வழக்கையும் பலவீனப்படுத்துகின்றனர். கேரள அரசு உயர் நீதிமன்றத்தில் கோரிய 9,531.11 கோடி ரூபாயில் 8,626.12 கோடி சுற்றுச்சூழல் சேதத்துக்கானது. மீனவரின் பொருளிழப்புக்கு 526.51 கோடி. நீதிமன்றம் 2025 செப்டம்பரில் கேட்ட பிணைத்தொகை 1,227.62 கோடி. மந்தப்பொருளால் என்ன சேதம் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருநாள் கேட்கும்போது, அதற்கான வாசகம் நம்மவர்களின் ஆறுதல் மொழிகளிலேயே தயாராக இருக்கும்.

சேதம் உண்டா இல்லையா என்று தீர்ப்பதற்கு வேண்டியவை எளிதில் கிடைக்கக்கூடியவையே. விழிஞ்சம், குளச்சல் போன்ற இடங்களில் குறித்துவைத்த பாறைகளிலிருந்து பருவந்தோறும் சிப்பி எடுத்துச் சேர்ப்பான்களுக்காகச் சோதிப்பதும், அள்ளிய குருணையை வெள்ளை, மஞ்சள், கருகியது என்று பிரித்து வைப்பதும் மாவட்டத்துக்கு ஓர் ஆய்வகம் இருந்தால் நடக்கக்கூடிய வேலைகள். எதைச் சோதிப்பது என்று தெரிய வேண்டுமானால் மட்டும் வெளியிலிருந்து ஒரு தாள் வேண்டும். ஒவ்வொரு தரக் குருணையிலும் எந்தத் தடுப்பான் எத்தனை விழுக்காடு கலக்கப்பட்டது என்பது அதை வார்த்த நிறுவனத்தின் ஏட்டில் இருக்கிறது. தொழில் இரகசியம் என்னும் பெயரில் அது அங்கேயே பூட்டிக் கிடக்கிறது. அந்த ஏட்டைத் திறக்கச் சொல்லி நீதிமன்றத்தில் கேட்கும் வரை, ஆபத்தில்லை என்று சொல்லும் உரிமை சரக்கின் உரிமையாளருக்கும் இல்லை, அவருக்காகப் பேசும் நம் ஊர் அறிஞருக்கும் இல்லை.